மலை நிரம்பியது எவரால்?



இங்கே உதகையில் கூடி அமர்ந்திருக்கும் உங்களிடமும், இந்தப் பேச்சை ஞாயிறு காலையில் ஏட்டிலே படிக்கப்போகும் தோழர்களிடமும் ஒரேயொரு சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறேன். 'கூட்டம்' என்பதே அந்தச் சொல். நம்முடைய பொதுக்கூட்டத்தைச் சொல்லவில்லை. அதற்கு எத்தனை பேர் வந்தனர் என்று கணக்கெழுதிக்கொள்ள உளவுத்துறையினர் இருக்கின்றனர், அது அவர்கள் பாடு! "மலையிலே கூட்டம் பெருத்துவிட்டது, இனித் தாங்காது" என்று நாள்தோறும் நம் காதில் விழுகிறதே, அந்தக் கூட்டத்தைச் சொல்கிறேன்.

மே மாதத்தில் ஒருநாள் சேரிங்கிராசில் நின்று பாருங்கள். நெரிசல் உண்மைதான். கார்கள் நகரவில்லை, பேருந்து நகரவில்லை, நோயாளியை ஏற்றிய வண்டி ஒலியெழுப்பிக்கொண்டே நிற்கிறது. குன்னூருக்குச் செல்லுங்கள், அங்கும் அதே காட்சி. குழாயில் நீர் வருகிற நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்துக்கொண்டு, குடங்களை வரிசையாக அடுக்கிவைத்துக் காத்திருக்கும் தாய்மார்களின் துயரும் உண்மைதான். இதையெல்லாம் கண்ட பெரிய மனிதர் ஒருவர், கழுத்துவரை கம்பளி போர்த்துக்கொண்டு, பெருமூச்சுடன் கூறுவார்: "என்ன செய்வது ஐயா, மக்கள் தொகை பெருத்துவிட்டது!"

கேட்பவரும் தலையாட்டுவார். நம் தோழர்களிலே சிலரும் தலையாட்டுவதைக் கண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பேச்சு.

பெருத்ததா மக்கள் தொகை? கணக்கைப் பார்ப்போம். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள் 7,62,141 பேர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 7,35,394 பேர். கூட்டிக் கழித்துப் பாருங்கள், பத்தாண்டுகளில் 26,747 பேர் குறைந்துவிட்டனர்! தமிழ்நாடு முழுவதும் அதே பத்தாண்டுகளில் நூற்றுக்குப் பதினைந்து என்ற அளவில் மக்கள் பெருகினர். மாநிலத்து மாவட்டங்களில் தேய்ந்த மாவட்டம் இது ஒன்றே. உதகை நகரத்தில் 93,987 பேர் இருந்தனர், 88,430 ஆயினர். குன்னூர் நகரமும் ஏறத்தாழ 50 ஆயிரத்திலிருந்து 45 ஆயிரமாயிற்று. சென்னை மாநகரில் சதுரக் கிலோமீட்டர் ஒன்றுக்கு 26 ஆயிரம் பேருக்கும் மேல் நெருக்கியடித்து வாழ்வதாக அதே கணக்கெடுப்பு காட்டிற்று. நீலகிரி மாவட்டத்திலோ 300 பேர்கூட இல்லை. காடும் தோட்டமும் போக நகரங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நெருக்கம் மிகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நகரங்களும் தேய்ந்தன என்பதைத்தானே மேலே கண்டோம்? 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பை எடுக்காமலே விட்டனர். இப்போது 2027ஆம் ஆண்டுக்கென அறிவித்திருக்கின்றனர். ஆகவே நம் கையிலுள்ள கடைசிக் கணக்கு இதுதான். அது சொல்வது, பெரிய மனிதரின் பெருமூச்சுக்கு நேர் எதிரானது.

அந்த 26 ஆயிரம் பேரும் எங்கே சென்றனர்? பிறப்பு குறைந்ததும் ஒரு காரணம். பிழைப்பு குறைந்தது பெரிய காரணம். இந்து நகரைத் தெரியாதவர் இங்கு எவருமிலர். 1960இல் நிறுவப்பெற்று, 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. இந்நாட்டு மருத்துவமனைகளின் எக்ஸ்ரே சுருளும், திரையரங்குகளின் படச்சுருளும் இந்தக் குளிரிலேதான் உருவாயின. சுருளில்லாத கேமரா வந்தது. அதற்கேற்ப ஆலையை மாற்றியமைக்க வேண்டிய மத்திய ஆட்சியாளர்கள் அதை நலிந்த ஆலையென்று எழுதிவைத்துக் கைகழுவினர். மற்றொருபுறம், 1990களின் இறுதியிலே பசுந்தேயிலை விலை சரிந்தது. ஓர் ஏக்கரும் இரண்டு ஏக்கரும் வைத்திருக்கும் சிறுவிவசாயிகள், கொழுந்து பறித்த கூலிக்குக்கூடக் கட்டவில்லையென்று தோட்டத்தைப் புதராக விட்டனர். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் பேருந்து ஏறினர். பனியன் ஆலையிலே நம் மலைப் பிள்ளைகள். அவர்கள் விட்டுச்சென்ற தேயிலைச் சரிவிலே சார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பிள்ளைகள். ஊரைவிட்டு ஊர் துரத்துகிறது வயிறு!

மக்கள் குறைந்தனர், நெரிசலோ கூடிற்று. எப்படி?

விடை நீதிமன்றத்திலே வெளிவந்தது. 2024 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கின்படி, நாளொன்றுக்கு இந்த மாவட்டத்துக்குள் நுழைந்தவை 11,500 கார்கள், 1,300 வேன் முதலிய வண்டிகள், 6,500 இருசக்கர வண்டிகள். ஏறத்தாழ 20 ஆயிரம் வண்டிகள், ஒரே நாளில்! நீதியரசர்களே திகைத்தனர். மே 7 முதல் இ-பாஸ் வேண்டுமென்று ஆணையிட்டனர். ஆண்டுக்கு இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட விருந்தினர் வந்துபோகும் மலை இது. குடியிருப்போரைப்போல் மூன்று மடங்கு. தொட்டிலில் பிறந்த நெரிசலாக இருந்தால் கணக்கெடுப்பிலே தெரிந்திருக்கும். சக்கரத்தில் ஏறி வந்த நெரிசல், ஆகவே தெரியவில்லை.

"விருந்தினரை ஏசுகிறாயா? விருந்தோம்பல் தமிழர் பண்பல்லவா?" என்று கேட்பீர்கள். ஏசவில்லை, தோழர்களே. சமவெளியில் வெயிலிலே வேகும் நெசவாளியும் ஆசிரியரும், ஆண்டுக்கொருமுறை மனைவி மக்களுடன் வந்து, தாவரவியல் பூங்காவின் புல்வெளியில் அமர்ந்து, கட்டிவந்த புளிச்சோற்றைத் தின்று, வறுக்கி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு மாலையிலே பேருந்து ஏறுவதை எவன் தடுப்பான்? குளிர்காற்று கனவான்களின் பாட்டன் சொத்தா? நான் கேட்பது வேறு. இந்த ஊர் எவருக்காகக் கட்டப்பட்டது என்பதைக் கேட்கிறேன்.

வரலாறு நீண்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். கோவை மாவட்டக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் இந்த மலைமேல் ஏறினார். அடுத்த சில ஆண்டுகளில், தொதவர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளியில் கல் பங்களா எழுந்தது. ஊற்றுநீரைத் தடுத்து ஏரி வெட்டப்பட்டது. பிறகு கவர்னர்கள் வந்தனர், சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரம் என்றனர், குதிரைப் பந்தயமும் வேட்டைச் சங்கமும் வந்தன. அதாவது, தோழர்களே, விருந்தினருக்கென்றே அளவெடுத்துத் தைத்த ஊர் இது. வெள்ளைத் துரையின் விடுதிக்கு வெந்நீர் சுமப்பவன் எங்கே படுப்பான் என்று அந்த அளவுக்கோலில் குறியில்லை. துரை போனார், கோல் போகவில்லை! இன்றும் திட்டமென்றால் எத்தனை அறை, எத்தனை வண்டி நிறுத்துமிடம் என்றே பேச்சு எழுகிறது. அறையைப் பெருக்கித் துடைக்கிற தங்கை எங்கே குடியிருக்கிறாள்? சரிவின் விளிம்பிலே, தகரக் கூரையின் கீழ்.

அந்த ஏரியின் கதையையும் பாருங்கள். ஊற்றுநீரால் நிரம்பியது அன்று. நகரத்தின் கழிவைச் சுமந்துவரும் கோடப்பமந்து கால்வாய் வந்து சேர்வது இன்று. மேலே படகிலே பாட்டு, கீழே சாக்கடை. குடிநீருக்கு உதகை பார்சன்ஸ் வேலியையும், குன்னூர் ரேலியா அணையையும் பார்த்திருக்கின்றன. இவை அந்நாளைய சிற்றூருக்கு அளந்து அமைத்த தொட்டிகள். கோடையிலே தண்ணீர் குறையும். கோடையிலேதான் விருந்தினரும் பெருகுவர். அப்போது காசுள்ள விடுதி லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கும். காசில்லாத தெரு நாட்காட்டியைப் பார்க்கும். இதற்குப் பெயர் மக்கள் தொகைப் பெருக்கமா, பங்கீட்டுக் கோளாறா? நீங்களே பெயரிடுங்கள்.

மால்தஸ் என்றொரு ஆங்கிலப் பாதிரியார் இருந்தார். மக்கள் பெருகும் வேகத்துக்கு உணவு பெருகாது, ஆகவே ஏழை பிள்ளை பெறுவதே ஏழ்மைக்குக் காரணம் என்கிற பொருள்பட 1798இல் நூலொன்று எழுதினார். அன்றுமுதல் இன்றுவரை, பங்கு கேட்டவனைப் பார்த்து "நீ ஏன் பிறந்தாய்?" என்று கேட்பதற்கு அந்த நூல் கனவான்களுக்குக் கைகொடுத்து வருகிறது. நாம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு எதிரிகளா? அல்லவே அல்ல! இந்நாட்டிலே அதைச் சொல்ல அஞ்சிய காலத்தில், 1930களிலேயே, பெண்ணின் உடல்மீது பெண்ணுக்கே உரிமை என்ற அடிப்படையில் கர்ப்பத்தடையைப் பேசியவர் பெரியார். கனவான்கள் ஏழையைக் குறைக்கச் சொன்னார்கள். அவர் பெண்ணை விடுவிக்கச் சொன்னார். அந்த வேறுபாட்டை மறவாதீர்கள். தமிழகத்துப் பெண்கள் கற்றனர், வேலைக்குச் சென்றனர், தாமே முடிவெடுத்தனர். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்குப் பிள்ளைகள் சராசரி 1.8. தலைமுறை தன்னளவிலே நிலைக்கத் தேவையான 2.1க்கும் கீழே. இதற்குமேலும் தேயிலைத் தோட்டத்துத் தாயைப் பார்த்து, "நீ பெற்ற பிள்ளைகளால்தான் மலை நிரம்பிற்று" என்று சொல்ல எவருக்காவது நா எழுமானால், அந்த நாவுக்குக் கணக்கு தெரியாது என்று பொருள்.

இந்த மலையிலே வந்து குடியேறியவர்கள் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் எவர் அவர்களை ஏற்றிவைத்தார்? 1964 அக்டோபர் 30ஆம் நாள், லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இலங்கை மலையகத்துத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமிருந்த ஒன்றரை இலட்சத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று, தேயிலைப் பெட்டியைப் பங்கிடுவதைப்போல் மனிதரைப் பங்கிட்டனர். கையெழுத்திட்டவர் இருவர். கருத்துக் கேட்கப்படாதவர் ஒன்பதே முக்கால் இலட்சம் பேர்! கண்டியிலும் நுவரெலியாவிலும் நான்கு தலைமுறை கொழுந்து பறித்தவர்கள், தலைமன்னாரிலே கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. 1976இல் அது டான்டீ நிறுவனமாயிற்று. கூடலூரிலும் பந்தலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் காட்டை வெட்டித் தேயிலை நட்டவை அவர்களுடைய கைகள். வந்தேறிகள் என்று இன்று அவர்களைச் சுட்டுகிறவர், அவர்கள் நட்ட தேயிலையைக் குடித்துக்கொண்டேதான் சுட்டுகிறார்.

அவர்கள் குடியிருப்பது லைன் வீடு. உங்களில் பலர் அங்கே பிறந்தவர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை. சமவெளித் தோழர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரே நீளக் கூரை, நடுவே சுவர்கள், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும். அதில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடும் மருத்துவமும் பிள்ளைக் காப்பகமும் தோட்ட முதலாளியே தரவேண்டுமென்றது. நல்ல சட்டம்தான். ஆனால் வீடு வேலையோடு முடிச்சுப் போடப்பட்டது. நாற்பதாண்டு கொழுந்து பறித்து, முதுகு வளைந்து, ஓய்வுபெறும் நாளில் வீட்டையும் விடவேண்டும். எங்கே செல்வது? கையிலுள்ள பணத்துக்கு அகப்படுவது சரிவுநிலம். கூடலூர்ப் பக்கமென்றால் ஜென்ம நிலம். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கி, வழக்கு மன்றத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்குமிடையே தலைமுறைக்கணக்காக ஊசலாடும் மண். பட்டா இல்லை, பட்டா இல்லையென்பதால் மின்விளக்கு இல்லை. நெருக்கம் எங்கே இருக்கிறதென்று தேடும் அறிஞர்களே, இங்கே வந்து அளவெடுங்கள்!

மழை வந்தால் முதலில் சரிவது இந்த விளிம்புகளே. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை சரிந்து பேருந்துகளையும் மனிதரையும் வாரிச் சென்றது. 2009 நவம்பரில் சில நாட்களுக்குள் 40க்கும் மேற்பட்டோர் மண்ணோடு புதைந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீட்டருக்கும் மேல் கொட்டிற்று. அத்தகைய மழைக்கு எந்தச் சுவரும் நில்லாது என்பது சரி. ஆனால் சரிவை வெட்டியவன் எவன், அதன்கீழ் உறங்கியவன் எவன்? மலையூர்களில் ஏழு மீட்டருக்குமேல் கட்டிடம் எழும்பக்கூடாதென்று 1993ஆம் ஆண்டு விதிகள் கூறின. விதியைப் படித்துவிட்டு ஊரைச் சுற்றிப் பாருங்கள். தலையை நன்றாகவே நிமிர்த்த வேண்டியிருக்கும். யானை வழித்தடத்திலே எழும்பிய விடுதிகளுக்கு முத்திரையிட 2018இல் உச்சநீதிமன்றமே இறங்கிவர நேர்ந்தது. விடுதிக்கு முத்திரை விழ உச்சநீதிமன்றம் வரவேண்டும். குடிசைக்குப் புல்டோசர் வர ஒரு எழுத்தர் போதும்.

நெருக்கமாக வாழ்ந்தால் நலமாக வாழ முடியாதா? சிங்கப்பூரைப் பாருங்கள். நம் நீலகிரியில் மூன்றிலொரு பங்குகூட இல்லாத தீவு; மக்களோ ஐம்பது இலட்சத்துக்கும் மேல். அங்கே 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை நிறுவி, குடிமக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது பேரை அரசு கட்டிய வீட்டிலே குடிவைத்தனர். 1990 முதல், கார் வாங்குவதற்கே உரிமைச்சீட்டு ஏலத்தில் எடுக்கவேண்டும் என்றனர். மனிதனுக்கு வீடு முதல், வண்டிக்கு இடம் பிறகு என்று வரிசையை அமைத்தனர். அந்நாட்டு ஆட்சியின் கெடுபிடிகளை நான் புகழ வரவில்லை, அது வேறு பேச்சு. மேலும் அது சமநிலம், நம்முடையது சரிவு. அடுக்குமாடியை அப்படியே தூக்கிவந்து தொட்டபெட்டா மேல் வைக்க முடியாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வரிசையை.

இனி இ-பாஸ். 2025 மார்ச்சில் உயர்நீதிமன்றம், அவ்வாண்டுக் கோடைக்கு நீலகிரியில் நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பிட்டது. வணிகர்கள் கொதித்தனர், கடைகள் அடைக்கப்பட்டன. நம் தோழர்களிலும் இருபக்கம் பேசினர். டாக்சி ஓட்டுகிற தோழர் கேட்டார்: "மே மாதத்து வருமானத்தில்தான் ஆண்டு முழுதும் பிள்ளை படிக்கிறான், வரம்பு போட்டால் நான் எங்கே போவேன்?" நியாயமான கேள்வி. "வரம்பே வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் கைதட்டு கிடைக்கும். ஆனால் சேரிங்கிராசிலே நின்றுபோன நோயாளி வண்டிக்கு நாம் என்ன விடை சொல்வோம்?

நான் சொல்கிறேன்: வரம்பு வேண்டும். கூர்ந்து பாருங்கள், அந்த ஆணையிலே அரசுப் பேருந்துக்கும் இரயிலுக்கும் வரம்பு இல்லை. உள்ளூர் வண்டிக்கும் இல்லை. ஏழை விருந்தினன் தடுக்கப்படவில்லை. காருக்கு நால்வராக 6,000 காரில் வருவோர் 24 ஆயிரம் பேர். அந்த 24 ஆயிரம் பேரும் பேருந்திலே வந்தால், 50 பேருக்கு ஒன்றாக 480 பேருந்து போதும். சாலை மூச்சுவிடும். மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் ஏறுகிற விருந்தினர், மேலே வந்தபின் ஊர் சுற்ற எதில் ஏறுவார்? நம் டாக்சித் தோழரின் வண்டியில்! ஆகவே வண்டிக்கு வரம்பு போடும்போதே பேருந்தைப் பெருக்கு என்பது நம் கோரிக்கை. பேருந்தைப் பெருக்காமல் வரம்பை மட்டும் போட்டால், வணிகரோடு நாமும் தெருவிலே நிற்போம். வண்டியை எண்ணுகிறவர்கள் விடுதிப் படுக்கையையும் எண்ணட்டும். எத்தனை படுக்கைக்கு உரிமம், எத்தனை படுக்கை உரிமமின்றி, ஒவ்வொன்றுக்கும் நாள்தோறும் எவ்வளவு நீர் செல்கிறது என்று ஊரறியப் பலகையில் எழுதட்டும்.

சமவெளித் தோழர்கள், "இது மலைக்காரர் வழக்கு" என்று ஏட்டை மடித்துவிடாதீர்கள். பைக்காராவில் 1932இல் பிறந்த மின்சாரம்தான் கோவை ஆலைகளைச் சுழற்றிற்று. இங்கே ஊறும் நீர்தான் மாயாறாய், பவானியாய் இறங்கி ஈரோட்டு வயலை நனைக்கிறது. மலையின் சோலைக்காடு அழிந்தால் வறள்வது உங்கள் வாய்க்கால்.

2027ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்ட கணக்கெடுப்பு நடக்கும்போது, லைன் வீடுகளிலும், ஜென்ம நிலத்துக் குடிசைகளிலும், பனியர் காட்டுநாயக்கர் குடியிருப்புகளிலும் ஒரு தலைகூட விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நீங்கள். திருப்பூரிலே வேலைசெய்து மாதம் ஒருமுறை வீடு திரும்பும் பிள்ளையை எந்த ஊர்க் கணக்கில் எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். கிளைக்கு ஒரு நோட்டுப்புத்தகம் போதும். உங்கள் தெருவில் குழாய்நீர் வந்த நாள், வந்த நேரம், நிரம்பிய குடம். அருகிலுள்ள விடுதிக்கு ஏறிய தண்ணீர் லாரிகளின் எண்ணிக்கை. மழைக்கு முன்னால் எந்தச் சரிவை எந்த இயந்திரம் வெட்டிற்று என்கிற குறிப்பு. பக்கத்து வீட்டுத் தாய்மாரிடம் கேட்டு எழுதுங்கள், அவர்களுக்குத் தேதியோடு நினைவிருக்கும். ஏப்ரல் முதல் வாரத்துக்குள் எல்லாக் கிளைகளின் நோட்டுகளும் மாவட்ட அலுவலகம் வந்து சேரவேண்டும். மே மாதம் மலர்க்காட்சிக்கு அமைச்சர்கள் வரும்போது அவர்களிடம் கொடுப்பதற்கு நம் கையில் பூச்செண்டு இருக்காது, அந்த நோட்டுகள் இருக்கும்.